கண்ணுக்குத் தெரியாத அநுமதி

விசா என்னும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து பிறந்தது. ‘பார்க்கப்பட்டது’ என்பது அதன் பொருள். பிரயாணியின் பத்திரத்தை அதிகாரி ஒருவர் தம் கண்ணால் பார்த்தார். பார்த்தமைக்கு அடையாளமாக ஒரு முத்திரை இட்டார். அந்த முத்திரையே விசாவாயிற்று. நெடுங்காலம் வெளிநாடு சென்றவர்களுக்கு அந்த முத்திரைதான் துணை. விமான நிலையத்தில் எவர் கேட்டாலும் பாஸ்போர்ட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும். வேறு பேச்சுக்கு இடமில்லை.

இப்பொழுது பல நாடுகள் இந்த முத்திரையைக் கைவிட்டுவிட்டன. அவை தரும் அநுமதிக்கு ‘மின்னணுப் பிரயாண அநுமதி’ என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இ.டி.ஏ. என்று வழங்குவர். இதைப் பெற்றவரின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தால் ஏடுகள் வெறுமையாகவே இருக்கும். ஆனாலும் அநுமதி இருக்கிறது. எங்கே இருக்கிறது, அது இருப்பதை விமான நிலையத்தில் எவ்வாறு மெய்ப்பிப்பது என்னும் இரண்டு கேள்விகளையே இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

கேரளத்தின் எல்லைப் புறங்களில் வாழும் தமிழர்களுக்கு இக்கேள்விகள் சிறியன அல்ல. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடிப் பகுதியினர் பெரும்பாலும் கோயம்புத்தூரில் விமானம் ஏறுகின்றனர். தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களில் இருப்போர் ஒருபுறம் நெடும்பாசேரியிலுள்ள கொச்சி நிலையத்திற்கோ, மறுபுறம் போடி அல்லது கம்பம் வழியாக மதுரைக்கோ இறங்கவேண்டும். மலைப்பாதையில் நான்கு மணி நேரம் வண்டியில் வந்து, வழியனுப்ப வந்தவர்களிடம் விடைபெற்று, பெட்டிகளோடு வரிசையில் நின்றபின், “உங்கள் அநுமதி எங்கள் கணினியில் காணப்படவில்லை” என்று ஒரு சொல் வருமானால், பிரயாணச் சீட்டுக்குக் கொடுத்த பணம் மட்டுமா போகிறது? உடன்பிறந்தாள் மகளின் திருமணமாக இருக்கலாம், கருமாதியாகவும் இருக்கலாம். அவை அடுத்த விமானத்திற்காகக் காத்திரா.

இந்த முறையை முதன்முதலில் ஏற்படுத்திய நாடு ஆஸ்திரேலியா, ஆண்டு 1996. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஸிட்னி நகரில் நடக்கவிருந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு வருவோரின் பெருந்திரளை மனத்திற்கொண்டே அது வந்தது. இலங்கை 1-1-2012 முதல் இதனை மேற்கொண்டது. இந்தியாவும் 27-11-2014 முதல் வெளிநாட்டவர்க்கு இதைப் போன்ற ஏற்பாட்டைச் செய்தது. கென்யா 2024 ஜனவரியில் விசாவையே நீக்கிவிட்டு, ஏறக்குறைய எல்லா நாட்டவர்க்கும் இ.டி.ஏ. வேண்டும் என்று விதித்தது.

நம் நேயர்களுக்கு இவற்றுள் மிக அணுக்கமானது இலங்கையே. வண்டிப்பெரியாற்றிலிருந்து காட்டுவழியே சென்றால் கவி என்னும் ஊர் வரும். ஆட்சிக் கணக்கில் அது பத்தனம்திட்டா மாவட்டம். அங்கே கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டங்களில் பணி செய்யும் குடும்பங்கள் பல, இலங்கையின் மலைநாட்டிலிருந்து தாயகம் திரும்பியவை. 30-10-1964 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா இசைந்தது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இருநாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. எண்களாகப் பார்த்தால் கணக்கு நேராகிவிட்டது. குடும்பங்களாகப் பார்த்தால், அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று ஆயிற்று. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களின் மக்களும் பேரர்களும் இன்று நுவரெலியாவிலும் ஹட்டனிலும் உள்ள உறவினரைக் காண விரும்பினால், அவர்கள் இந்தியக் குடிமக்களாக, வெளிநாட்டாராக, இ.டி.ஏ. பெற்றே செல்லவேண்டும்.

அதற்கும் முற்பட்ட ஒரு காலத்தை இங்கே நினைவு கூரலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களுக்குச் சிறு தகரத்துண்டு ஒன்று கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்னும் எண்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டே அவர்கள் சென்றனர். மனிதரைப் பொருள்போல் எண்ணிட்டு அனுப்பிய அந்த முறையை நாம் போற்றவில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: சான்று அன்று உடம்போடு இருந்தது, பின்னர் பாஸ்போர்ட்டின் ஏட்டுக்கு வந்தது, இன்று ஏட்டையும் விட்டு நீங்கி, செல்லவிருக்கும் நாட்டின் பதிவேட்டில் போய் அமர்ந்துவிட்டது.

முதல் கேள்விக்கு இதுவே விடை. இ.டி.ஏ. என்பது நம் கையிலுள்ள காகிதம் அன்று. கைப்பேசியில் தோன்றும் படமும் அன்று. அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் கணினியில் நம் பாஸ்போர்ட்டின் எண்ணுக்கு எதிரே எழுதப்பட்ட ஒரு வரியே அநுமதி. காகிதம் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம் மட்டுமே. ஆதலின் அதை மெய்ப்பித்தல் என்பது, காகிதத்தைக் காட்டுவதைவிட, அந்த வரியும் கையிலுள்ள பாஸ்போர்ட்டும் எழுத்துக்கு எழுத்து, இலக்கத்துக்கு இலக்கம் ஒத்திருக்கச் செய்வதேயாகும்.

இதனைச் சோதிப்பவர் யார்? நுழைவாயிலில் நிற்கும் காவலர் பிரயாணச் சீட்டையும் அடையாளச் சான்றையும் பார்த்து உள்ளே விடுகிறார். அநுமதி அவர் பொறுப்பன்று. அதைச் சோதிப்பவர் விமானக் கம்பெனியின் முகப்பில் அமர்ந்திருக்கும் ஊழியரே. அவர் அரசாங்க அதிகாரி அல்லரே, இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. உரிய பத்திரமில்லாத ஒருவரை ஒரு நாட்டில் கொண்டுபோய் இறக்கினால், அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு பெரும்பாலும் அந்தக் கம்பெனியினுடையது. பல நாடுகளில் அபராதமும் உண்டு. நம் நாட்டிலும் இதற்கென 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அத்தகைய ஒவ்வொரு பிரயாணிக்கும் ஒரு லட்சம் ரூபாய் தண்டம் விதிக்க வழி செய்யப்பட்டது. 2025-ஆம் ஆண்டின் குடிவரவு, அயல்நாட்டவர் சட்டம் அதனையும் வேறு மூன்று சட்டங்களையும் நீக்கி, ஒரே சட்டமாக 1-9-2025 முதல் நடப்பிலிருக்கிறது. ஆகவே முகப்பில் இருப்பவர் ஐயத்தின் பலனைப் பிரயாணிக்கு அளிப்பார் என்று எதிர்பார்த்தல் வீண்.

அந்த ஊழியர் எந்த நாட்டாருக்கு எந்த நாட்டில் எது வேண்டும் என்னும் விதிகளைத் தம் நினைவிலிருந்து சொல்வதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 1963 முதல் நடத்திவரும் ‘டைமாட்டிக்’ என்னும் விதித்தொகுப்பைப் பார்த்தே சொல்கிறார். ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளுக்குச் செல்வோரைப் பொறுத்தவரை, பாஸ்போர்ட்டின் விவரங்கள் முகப்பிலிருந்தே அந்நாட்டின் கணினிக்குச் செல்கின்றன. ஏற்றலாம் அல்லது ஏற்றலாகாது என்று சில நொடிகளில் மறுமொழி வருகிறது. இவ்வசதி இல்லாத இடங்களில் அவர் அநுமதிக் காகிதத்தைக் கேட்கிறார். எவ்வகையாயினும் ஒப்பிடும் வேலை ஒன்றே.

அந்த ஒப்புமை எங்கே பிசகுகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்; தொல்லை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

முதலாவது எண். இந்தியாவில் பெரும்பாலும் வழங்கும் பாஸ்போர்ட்களில் எண்ணின் தொடக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும், அதன்பின் ஏழு இலக்கங்களும் உள்ளன. அத்தகைய எண்ணில் இரண்டாம் இடம் முதல் வட்டமாகத் தெரிவது எல்லாம் சுழியமே. ‘ஓ’ என்னும் எழுத்தன்று. இதனை மாற்றித் தட்டச்சு செய்துவிட்டால் அநுமதி வேறு எவரோ ஒருவருக்கு, அதாவது எவருக்குமே இல்லாததாக, ஆகிவிடும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவருக்கும் இதே நிலைதான். புதிய ஏட்டுக்குப் புதிய எண். அநுமதியோ பழைய எண்ணில் இருக்கும். சில நாடுகள் எண் மாறியதைத் தெரிவிக்க இடங்கொடுக்கின்றன. ஏனையவற்றிற்குப் புதிதாகவே விண்ணப்பிக்கவேண்டும். நாடுகளின் பட்டியலில் இந்தியாவுக்கு அடுத்த வரியில் இந்தோனேசியா இருப்பதையும் கவனத்திற் கொள்க. விரல் சற்று வழுவினால் குடியுரிமையே மாறிவிடுகிறது!

அடுத்தது பெயர். தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. மேல்நாட்டு வழக்கத்தை ஒட்டி அமைந்த விண்ணப்பங்களோ குடும்பப்பெயர் ஒரு கட்டத்திலும் இடுபெயர் மற்றொரு கட்டத்திலும் வேண்டும் என்கின்றன. முத்தையாவின் மகன் முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பாஸ்போர்ட்டில் முத்தையா குடும்பப்பெயராக இருக்கும். மற்றொருவருடையதில் ‘முருகன் முத்தையா’ முழுவதும் இடுபெயராக இருந்து, குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும். மூன்றாமவருடையதில் முருகன் மட்டுமே இருக்கும். இவை மூன்றும் ஒரே மனிதரைக் குறிக்கலாம் என்பது நமக்குத் தெரியும்; கணினிக்குத் தெரியாது. ஒற்றைப் பெயர் உடையவர்களுக்கு நேர்ந்த இடர் கற்பனையன்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்டுகள், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உடைய பிரயாணிகளைச் சுற்றுலா முதலிய வருகை விசாவில் ஏற்பதில்லை என்று விமானக் கம்பெனிகளுக்கு அறிவித்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் இறங்கியபின் பெறும் விசா கிடைக்கும் என்று சில நாட்களில் விளக்கமும் வந்தது.

எல்லைப்புறத் தமிழர்க்கு இதற்குமேல் ஒரு சிக்கலும் உண்டு. கேரளப் பதிவேடுகளில் பெயர் மலையாளத்தின் வழியாக ஆங்கில எழுத்துக்கு வருகிறது. ழகரத்திற்கு அங்கே ‘இஸட்’, ‘எச்’ என்னும் ஈரெழுத்து. தமிழ்நாட்டுப் பத்திரங்களில் பெரும்பாலும் ‘எல்’ ஒன்றே. பழனிச்சாமி என்பவரின் பெயர் பள்ளிச் சான்றில் ஒருவிதமாகவும், ரேஷன் அட்டையில் வேறுவிதமாகவும், ஆதாரில் மூன்றாம் விதமாகவும் இருத்தல் வியப்பன்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைக் கேட்டால், எந்த எழுத்துக்கூட்டல் சரியானது என்று ஒரு மணி நேரம் வாதிடலாம். ஆனால் பிரயாணத்தின்போது அவ்வாதத்திற்கு இடமில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளது தவறான கூட்டலேயானாலும், அதுவே விண்ணப்பத்திலும் பிரயாணச் சீட்டிலும் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு கூடிய இரண்டு வரிகள் உள்ளன. இயந்திரம் படிப்பது அவற்றையே. ஐயம் தோன்றும்போது அந்த வரிகளைப் பார்த்து எழுதுவது நலம்.

விண்ணப்பத்தைப் பெரும்பாலோர் தாமே நிரப்புவதில்லை. ஊரிலுள்ள அட்சய மையத்திற்கோ பிரயாண ஏஜெண்டிடமோ செல்கின்றனர். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் விண்ணப்பத்தில் எழுதப்படும் மின்னஞ்சல் முகவரி யாருடையது என்று கேட்டுக்கொள்ளவேண்டும். மையத்தின் முகவரியைக் கொடுத்தால் அநுமதி அறிவிப்பு அங்கேதான் போகும்; விடுமுறை நாளில் மையம் பூட்டியிருந்தால், அநுமதி கிடைத்தும் கிடைக்காததுபோலவே ஆகும். வீட்டில் படித்த பிள்ளை ஒருவரின் முகவரியைக் கொடுக்கலாம்.

இலங்கைக்கு விண்ணப்பிப்போர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். முதலில் வருவது விண்ணப்பம் பெறப்பட்டது என்னும் ஒப்புகை மட்டுமே. அநுமதி அளிக்கப்பட்டது என்னும் அறிவிப்பு அதன்பின் தனியாக வரும். மேலும் விசாரிக்கவேண்டுமென்றால் அதற்கும் ஓர் அறிவிப்பு வரலாம். இவை ஆங்கிலத்தில் ஒரேவிதமான தலைப்போடும் எண்ணோடும் இருப்பதால், ஒப்புகையையே அநுமதி என்று நம்பி விமான நிலையத்திற்கு வந்துவிடுவோர் உண்டு. ‘அப்ரூவ்ட்’ என்னும் சொல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்நாட்டின் அதிகார பூர்வமான இணையதளத்திலேயே விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கும் வசதி உண்டு. புறப்படும் முன்பு ஒருமுறை அதில் பார்த்துக்கொள்வது, ஏஜெண்டின் வாய்ச்சொல்லைவிட உறுதியானது.

அதிகார பூர்வமான தளம் எது என்பதிலும் விழிப்பு வேண்டும். முகவரியின் இறுதியில் அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளும் அவற்றின்பின் நாட்டின் குறியும் இருக்கும். இலங்கைக்கு அக்குறி ‘எல்.கே.’ என்பது. அதே தோற்றத்தோடு, அரசின் சின்னம் போன்ற படத்தோடு, கட்டணத்தைப் பன்மடங்காக வாங்கும் தனியார் தளங்கள் பல உள்ளன. முறைகளும் அவ்வப்போது மாறுகின்றன. இலங்கை 2024 ஏப்ரலில் விசாப் பணியைத் தனியார் கூட்டமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தது. ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை இடைக்காலமாக நிறுத்தியது. செப்டம்பர் இறுதியில் பழைய இ.டி.ஏ. முறையே திரும்பியது. ஆறு மாதங்களுக்குள் இவ்வளவும் நடந்தமையால், சென்ற ஆண்டு சென்றுவந்த பக்கத்து வீட்டாரின் அநுபவம் இவ்வாண்டுக்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

இனி, எந்த நாட்டின் இ.டி.ஏ. யாருக்கு உரியது என்பதைச் சுருக்கமாகச் சொல்வோம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நான்கும் இத்தகைய அநுமதியை வழங்குகின்றன. ஆனால் சில நாட்டவர்க்கு மட்டுமே. இந்தியப் பாஸ்போர்ட் உடையவர் அங்கெல்லாம் விசாவே பெறவேண்டும். சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடிமகனாகிவிட்ட நம் உறவினர் இலண்டனுக்கு இ.டி.ஏ.யில் போனார் என்பது உண்மையாக இருக்கும். அதே வழி நமக்கும் உண்டு என்று கூறிப் பணம் கேட்பவரை நம்பவேண்டாம். சிங்கப்பூரும் மலேசியாவும், 1-5-2025 முதல் தாய்லாந்தும், இணையத்தில் நிரப்பச் சொல்லும் வருகை அட்டை வேறு. அது வருவதைத் தெரிவிக்கும் தகவலே தவிர அநுமதியன்று. சிங்கப்பூர் செல்லும் இந்தியருக்கு அந்த அட்டையோடு விசாவும் வேண்டும்.

வேலை தேடிச் செல்லும் இளைஞர்களுக்கு இதில் கூடுதலான எச்சரிக்கை உண்டு. உறவினரைக் காணவும் ஊர் சுற்றவும் தரப்படும் அநுமதி, கூலி பெற்று உழைப்பதற்கு உரிமை தராது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்னும் குறிப்பு இருக்கும். அவர்கள் மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ வேலைக்குச் செல்வதாயின், 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி இந்திய அரசின் ஒப்புதலையும் பெறவேண்டும். ‘முதலில் வருகை அநுமதியில் போ, அங்கே போனபின் மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்பவர், அந்த ஒப்புதல் தரும் பாதுகாப்பைத்தான் தட்டிப் பறிக்கிறார்.

புறப்பட விடும் அநுமதியும் உள்ளே விடும் அநுமதியும் வெவ்வேறு என்பதைப் பாலக்காட்டு நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்கவேண்டியதில்லை. 2020 மே மாதத்தில், பெருந்தொற்றுக் காலத்தில், வாளையாற்றில் அவர்கள் அதைக் கண்கூடாகக் கண்டனர். தமிழ்நாட்டை விட்டு வெளியேறத் தமிழ்நாட்டின் இணையச் சீட்டைப் பெற்றிருந்தும், கேரளத்தின் சீட்டு இல்லாமையால் பலர் எல்லையில் வெயிலில் நிறுத்தப்பட்டனர். இ.டி.ஏ. விஷயத்திலும் கொச்சியில் விமானம் ஏற்றிவிட்டார்கள் என்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. கட்டுநாயக்காவில் இறங்கியதும் அங்குள்ள குடிவரவு அதிகாரி திரும்பும் சீட்டு, தங்குமிடம், கைப்பொருள் ஆகியவற்றைக் கேட்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதங்களாவது செல்லுபடியாகவேண்டும். முடிவு சொல்லும் உரிமை அவருக்கே.

பதிவேட்டிலுள்ள வரியே அநுமதி என்றால் காகிதம் எதற்கு என்று கேட்கலாம். கணினி மறுமொழி தராத வேளைகளும் உண்டு. விண்ணப்பத்தின் எண் கையில் இருந்தால் தேடுவது எளிது. ஆதலின் அநுமதி அறிவிப்பை இரண்டு படிகளாக அச்சிட்டு, ஒன்றைப் பாஸ்போர்ட்டோடும் மற்றொன்றை உடன்வருபவரின் பையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுதல் கூடாது. கைப்பேசியில் வைத்திருப்பவர் அதை வலையின் உதவியின்றித் திறக்கும்படி சேமித்துக்கொள்க. குழந்தைகளின் அநுமதியும் தனித்தனியே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிரிட்டனைப் போன்ற நாடுகள் கைக்குழந்தைக்கும் தனி அநுமதி கேட்கின்றன.

இவ்வளவு செய்தும் முகப்பில் “காணவில்லை” என்று சொன்னால், சினந்து பேசுவதால் பயனில்லை; ஒதுங்கி நின்றுவிடவும் வேண்டாம். தாங்கள் தேடிய எண்ணைப் பாஸ்போர்ட்டின் எண்ணோடு மறுபடியும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஊழியரைக் கேட்கலாம். அவரும் கை தவறி அடித்திருக்கக்கூடும். பிறகு அநுமதிக் காகிதத்திலுள்ள எண்ணைப் பாஸ்போர்ட்டோடு நாமே ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பிழை அங்கே இருந்தால் புதிய விண்ணப்பம் ஒன்றே வழி. பல நாடுகளில் அது சில மணி நேரத்தில் கிடைப்பதும் உண்டு, இரண்டு மூன்று நாட்கள் ஆவதும் உண்டு. பிழை இல்லையென்றால், கம்பெனியின் மேற்பார்வையாளரை அழைத்து, அந்நாட்டின் தளத்தில் விண்ணப்பத்தின் நிலையை அவர் முன்னிலையிலேயே திறந்து காட்டலாம். இவற்றிற்கெல்லாம் நேரம் வேண்டும். விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன் முகப்பை மூடிவிடுவது பெரும்பாலான கம்பெனிகளின் வழக்கம். மூணாற்றிலிருந்தோ குமுளியிலிருந்தோ வருவோர் மழைக்காலத்தில் முந்தின நாளே மலையிறங்கிவிடுவது நல்லது.